மஞ்சள் வேட்டி, கட்டம் போட்ட துண்டு

ஜனவரி 20, செவ்வாய்

காலையில் உறைபனி. புல்லெல்லாம் வெள்ளை. ஒன்பதுக்குப் பின் நல்ல வெயில்.

முதலில் ஒரு திருத்தம். கப்பல் தொடர் பார்த்துப் பார்த்து எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அட்டுவம்பட்டி முழுக்கப் பேச்சு. தவறு. தொடர் வாரம் ஒரு முறை, வெள்ளி மாலை ஏழு மணிக்கு. மற்ற நாளெல்லாம் டிவி மூடியே கிடக்கிறது, மேலே பின்னல் துணி போட்டு. பைனாகுலரை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கிறேன் என்பதும் தவறு. என் கணவர் இருந்தவரை பறவை பார்த்த பைனாகுலர் அது. இப்போது நான் அதில் பார்ப்பது ஒரே ஒரு துணி காயும் கயிற்றை. அதுவும் கயிற்றுக்கு உரியவளின் சம்மதத்தோடு.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

அந்தக் கயிறு என் சிநேகிதி விசாலத்தினுடையது. அவள் வீடு எதிர்ச்சரிவில். நடுவே பள்ளம், பூண்டுப் பாத்திகள், நாலைந்து பேரி மரம். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் அவளுக்குக் காது போய்விட்டது. போன் செய்தால் மருமகள் செல்வராணிதான் எடுப்பாள். சுற்றிப் போக முழங்கால் இடம் கொடுப்பதில்லை, ஞாயிறு பூசை முடிந்து ஆட்டோவில் போனால்தான் உண்டு. தொடரை அவள் அங்கே பார்ப்பாள், கீழே ஓடும் தமிழ் எழுத்தைப் படித்துக்கொண்டு. நான் இங்கே. கப்பலுக்குக் கப்பல் கொடி காட்டிப் பேசுவதைப் பார்த்துவிட்டு, நாமும் இப்படிப் பேசினால் என்ன என்று கேட்டது அவள். நான் அல்ல. இதையும் ஊர் குறித்துக்கொள்ளட்டும்.

எங்கள் குறிகள்:

வெள்ளை – நலம்.
சிவப்பு – உடனே ஆள் அனுப்பு.
நீலம் – நேற்றைய பகுதி நன்று.
மஞ்சள் – உடம்பு சரியில்லை. (கப்பலிலும் இதுவே. நோய் ஏறிய கப்பல் மஞ்சள் கொடி ஏற்றும்.)
கட்டம் போட்ட துண்டு – மருமகள் கோபத்தில். இன்று வராதே.

ஞாயிறு காலை கயிற்றில் மஞ்சள். பெரியது. நடுவில். பக்கத்தில் வேறு துணி இல்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். நானும் ஆட்டோ பிடித்துப் போனேன். வாசலில் கூட்டம். ஸ்ட்ரெச்சரில் உட்கார வைக்கப்பட்ட விசாலம், மடியில் உரித்த பூண்டோடு, எல்லாரையும் முறைத்துக்கொண்டு.

மஞ்சள் அவள் மகன் முருகேசனுடைய வேட்டி. தைப்பூசத்துக்குப் பழனி நடையாம், மாலை போட்டிருக்கிறான். செல்வராணி வெள்ளனே துவைத்து அந்தக் கயிற்றில் போட்டுவிட்டாள்.

கூட்டத்தில் ஒரு குரல்: "டிவி பாத்துப் பாத்து பெரியம்மாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுப்பா."

விடுவேனா? எல்லார் முன்னாலும் ஐந்து குறிகளையும் விளக்கத்தோடு, வரிசையாக, ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னேன். ஆம்புலன்ஸ்காரர் கேட்டு முடித்து, "இவங்க தெளிவாத்தாங்க இருக்காங்க" என்றார். எனக்கு அது போதும்.

அன்றிலிருந்து அவள் கயிற்றில் ஒன்றுமில்லை.

வாங்க: கடுகு, டார்ச்சுக்கு பேட்டரி, வெள்ளை நூல்.

ஜனவரி 21, புதன்

மேகம். மதியத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து மூடுபனி. பைனாகுலருக்கு வேலை இல்லை.

ஜெயசீலி இரண்டு வீட்டிலும் வேலை செய்கிறாள். இன்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே தகவல்: "அங்க கயித்தையே அவுத்துட்டாங்கம்மா. இப்ப துணியெல்லாம் பின்பக்கந்தான் காயுது."

யார் அவிழ்த்தது என்று கேட்டேன். விசாலமே. மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லையாம்.

"ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கிறதே இல்லைங்க. தேத்தண்ணிய டொக்குன்னு வச்சிட்டுப் போறாங்க. இவங்களும் குடிக்காம ஆற விட்டுடுறாங்க."

என் கணிப்பு: ஆம்புலன்ஸ் வெட்கம். ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்ததை நாலு பேர் பார்த்துவிட்டார்கள். செல்வராணி வேட்டியை அங்கே போட்டதால் அவள் மேலும் கோபம். ஆறிவிடும். விசாலத்தின் வீம்பு எனக்குத் தெரியாததல்ல.

என் கயிற்றில் வழக்கம்போல் வெள்ளைத் தலையணை உறை. என் பக்கத்தில் குறை இருக்கக் கூடாது.

ஜனவரி 22, வியாழன்

வெயில். குளிர் கடுமை. காட்டெருமை ஒன்று வேலியைச் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறது. ஜெரேனியம் தொட்டி இரண்டு உடைந்தது. வேலி கட்ட ஆளுக்குச் சொல்லியாயிற்று, நாளை வருவானாம். அவனுடைய "நாளை" எனக்குத் தெரியும்.

கீழ்ப்பல் செட் அழுத்துகிறது.

போன வாரப் பகுதியில் ஒரு பிழை. புயல் காட்சி. பாய் ஒரு பக்கம் உப்பியிருக்கிறது, உச்சியில் கொடி எதிர்ப்பக்கம் பறக்கிறது. காற்று ஒன்றுதானே? புயலில் நனைந்த கேப்டன் அடுத்த காட்சியிலேயே கஞ்சி போட்ட சட்டையில் வருகிறார். அதைக்கூட மன்னிக்கலாம். இதை மன்னிக்க முடியாது. விசாலமும் கவனித்திருப்பாள். அவள் கண் தப்பாது. கேட்க வழியில்லை.

எதிர்ச்சரிவில் கயிறு கட்டியிருந்த இரண்டு கம்பமும் மொட்டையாக நிற்கின்றன. பாய்மரம் முறிந்த கப்பல் போல. இன்று மூன்று முறை பார்த்தேன். இனி காலையில் ஒரு முறை போதும்.

வேலிக்காரன் போன் எடுக்கவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

தெளிந்த வானம். வேலி ஆள் வரவில்லை, எதிர்பார்த்ததே.

ஏழு மணிக்குத் தொடர். கடைசிக்கு முந்திய பகுதி. எதிரிக் கப்பல் நெருங்கிவிட்டது. பாய்மரம் சாய்ந்தாயிற்று, பீரங்கி மருந்து நனைந்தாயிற்று. பிடிபடப் போவது உறுதி. அப்போது கேப்டன் முதலில் என்ன செய்தார்? காயம்பட்டவனைப் பார்க்கவில்லை. வாளை உருவவில்லை. குறிப் புத்தகத்தைக் கடலில் எறியச் சொன்னார். அதன் அட்டை ஈயத்தால் ஆனது. மூழ்குவதற்காகவே ஈயம். இந்தக் கப்பல் பிடிபட்டால் போவது இது ஒன்றுதான், குறிகள் பிடிபட்டால் மற்ற எல்லாக் கப்பலும் என்றார் பக்கத்தில் நின்ற சின்ன அதிகாரியிடம்.

நான் ஐந்தையும் சொன்னேன். வரிசையாக. விளக்கத்தோடு.

ஐந்தாவதைச் சொன்னபோது செல்வராணி இரண்டடி தள்ளி நின்றாள். கையில் துணி வாளி. முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீதிப் பகுதியையும் பார்த்து முடித்தேன். பாதியில் எழும் பழக்கம் எனக்கில்லை. என்ன நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜனவரி 24, சனி

உறைபனி. பால் கடைக்கு நானே போனேன். ஜெயசீலி வரும்வரை காத்திருக்கவில்லை. செல்வராணி அந்த நேரத்துக்குத்தான் வருவாள் என்று தெரியும்.

இருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டாள். மரியாதையில் குறை வைக்கவில்லை. நானே ஆரம்பித்தேன், ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கக் கூடாது என்று. அவள் பால் பாக்கெட்டுகளைப் பையில் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"அந்தக் கட்டத்துண்டு நாந்தேன் பெரியம்மா பழனியில எடுத்தாந்து குடுத்தேன். அத்தை வாரத்துல பாதி நாளு அதையேதேன் காயப்போடுவாங்க. நாம எடுத்துக் குடுத்தது ரெம்பப் பிடிச்சுப் போச்சு போலன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

   

பையைத் தூக்கிக்கொண்டு இரண்டடி போனவள் திரும்பினாள். "கோவம் வர்றது வாஸ்தவந்தேன். அம்புட்டுப் பேரு சோலியையும் ஒத்தை ஆளாப் பாத்தா வராதா? நீங்களே சொல்லுங்க."

வரும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு வெரசாகப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, பால் வாங்காமல் வந்திருக்கிறேன். கடுங்காப்பி.

விசாலம் அந்தத் துண்டு யார் கொடுத்தது என்று என்னிடம் சொன்னதே இல்லை. கோபத்துக்கு ஒரு குறி வேண்டும் என்று தேடியபோது, கைக்கு எட்டியதை எடுத்துவிட்டாள். யார் கொடுத்தது என்று கேட்டிருந்தால் வேறு துண்டு எடு என்று சொல்லியிருப்பேன். கேட்காமல் விட்டது நான்.

ஜனவரி 25, ஞாயிறு

வெயில். பூசைக்குப் போய் வந்தேன். பிரசங்கம் நீளம். ஆட்டோக்காரர், "வழக்கம்போல எதிர்வீட்டுக்குத்தானங்கம்மா?" என்றார். இல்லை, நேரே வீட்டுக்கு என்றேன். கயிறு இல்லாத வீட்டுக்கு அழைக்காமல் போவதில்லை.

வேலி கட்டியாயிற்று. சுமார்.

விசாலத்துக்குக் கடிதம். ஜெயசீலி நாளை அவள் கையிலேயே கொடுப்பாள். உறையை ஒட்டவில்லை, செல்வராணி படித்தாலும் சரி. நகல்:

விசாலம்,

மஞ்சளுக்காக நான் வருந்தவில்லை. நாளைக்கே மஞ்சள் தெரிந்தாலும் ஆம்புலன்ஸ் வரும். முருகேசன் வேட்டியைப் பின்பக்கம் போடச் சொல்.

ஐந்தாவதைச் சொன்னது என் தவறு. எனக்குக் கிறுக்கில்லை என்று நாலு பேருக்குக் காட்ட, உன் வீட்டு நிம்மதியைக் கொடுத்துவிட்டேன். செல்வராணியிடம் என் பங்குக்குப் பேசியாயிற்று. உன் பங்கை நான் பேச முடியாது. துண்டு அவள் எடுத்துக் கொடுத்தது என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. உனக்கு முன்பே தெரியும்.

ஒரு மாற்றம் சொல்கிறேன். கட்டத்துண்டு இனி "நலம்". வெள்ளை வேண்டாம். கயிற்றைப் பழைய இடத்தில் கட்டி, தினமும் அதையே போடு. ஏன் போடுகிறாய் என்று அவளிடமும் சொல்லிவிடு. முன்னால் என்ன அர்த்தம் என்று மறைக்கச் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரியும். கோபத்துக்குக் குறியே வேண்டாம். அதைத் தெரிந்துகொண்டு இத்தனை நாள் நாம் இருவரும் என்ன செய்து கிழித்தோம்?

வரும் வெள்ளி கடைசிப் பகுதி. அதற்குள் கயிறு கட்டிவிட்டால் நல்லது. புயலில் பாய் ஒரு பக்கமும் கொடி எதிர்ப்பக்கமும் பறந்ததே, பார்த்தாயா?

ஜெயசீலியிடம் வாயால் சொல்லி அனுப்பாதே. சம்மதமா, இல்லையா, எழுத்தில் பதில் கொடு.

லில்லி