அடிக்கு அரை அங்குலம்

சிந்தாதிரிப்பேட்டை, மதராஸ்
10-12-1944

அன்புள்ள தம்பி தணிகாசலத்துக்கு அப்துல் கய்யூம் எழுதிக்கொண்டது. நானும் உன் அண்ணன் வீட்டாரும் சுகமாக இருக்கிறோம். பட்டாளத்தில் நீ இருக்கும் ஊரின் பெயரை எழுதக்கூடாது என்பதால் அங்கே மழையா வெயிலா என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. எந்த ஊராக இருந்தாலும் உடம்பைப் பார்த்துக்கொள்.

வழக்கம்போல உன் அண்ணன் பொன்னுரங்கம் கோடவுனில் என் மேசைக்கு எதிரே சாக்கின் மேல் உட்கார்ந்து சொல்கிறான், நான் எழுதுகிறேன். அவன் பேசுவதை அப்படியே எழுதினால் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும் உங்கள் பட்டாளத்து அதிகாரி பயந்துபோவார் என்பதால் அங்கங்கே திருத்துகிறேன். அவன் சொன்ன சேதி இவ்வளவுதான். உன் அண்ணி முனியம்மாள் நலம். இந்த மழையில் கூவம் ஏறி வாசல் வரைக்கும் வந்து, உள்ளே வராமல் இறங்கிவிட்டது. நீ அனுப்பிய கம்பளி வந்து சேர்ந்தது. மதராஸில் கம்பளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, சுருட்டித் தலையணையாக்கிக்கொண்டான். நன்றாகத் தூக்கம் வருகிறதாம்.

இனி என் சேதி. உங்கள் பட்டாளத்துச் சாமான் டிப்போவில் பெட்டிகள் தாமே உருண்டு வரும் சரிவு அடுக்கு ஒன்று இருப்பதாக முன்பு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாய் அல்லவா? அதை இங்கே கட்டிவிட்டோம்.

எங்கள் கோடவுன் சங்கதி உனக்குத் தெரியும். பால் டப்பாப் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும், போய்க்கொண்டே இருக்கும். மூட்டை தூக்குகிறவர்கள் புதிதாக வந்ததை வாசல் பக்கம் வைப்பார்கள், வெளியே அனுப்பும்போதும் வாசல் பக்கத்தில் இருப்பதையே எடுப்பார்கள். பழையது சுவரோடு சுவராகக் கிடந்து வீணாகும். போன ஆடியில் மயிலாப்பூர் மருந்துக்கடைக்காரர் ஒருவர் உப்பிப்போன டப்பாக்களைத் திருப்பி அனுப்பி, தீபாவளிக்கு வெடிக்க வைத்துக்கொள்ளுங்கள் என்று சீட்டும் எழுதியிருந்தார். எங்கள் மானேஜர் சங்கரன் அந்தச் சீட்டோடு என் மேசைக்கு வந்தார். அப்போது உன் கடிதத்தை எடுத்துக் காட்டினேன்.

இரும்பு கிடைக்காத காலமாகையால் உருளைகளைக் கலீமுல்லா தன் கடைசல் பட்டறையில் தேக்கில் கடைந்து கொடுத்தார். பின்சுவரிலிருந்து வாசல் பக்கம் வரை இருபது அடிக்கு இரண்டு நீளச் சட்டங்கள், குறுக்கே உருளைகள். ஒரு மரத்தட்டில் ஆறு பெட்டிகளை அடுக்கிப் பின்பக்கம் வைத்தால் தட்டு தானாக முன்னால் வந்து நிற்கிறது. முன்னால் இருப்பதை எடுத்தால் அடுத்தது அந்த இடத்துக்கு வருகிறது. முதலில் வந்த பெட்டிதான் முதலில் வெளியே போகும். தள்ள ஆள் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

அடிக்கு அரை அங்குலம் இறக்கம் என்று நீ எழுதியிருந்தாய். இருபது அடிக்குப் பத்து அங்குலம். அடுக்கின் முன் கால்களைவிடப் பின் கால்கள் பத்து அங்குலம் உயரமாக இருக்கும்படி நானே டேப் பிடித்து அளந்து அறுக்கச் சொன்னேன். உன் அண்ணன் மட்டும், தரையில் ஒரு தடவை தண்ணீர் விட்டுப் பார்க்கலாமே என்று இழுத்தான். எட்டாவது வரைக்கும் கணக்கில் நான்தான் முதல் என்று அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். அவன் சிரித்துக்கொண்டு, "நீ அளந்தா சரியாத்தான் கீயும், பாய்" என்றான்.

ஆரம்பிக்கிற நாளில் தரையைக் கழுவினோம். இந்த இடம் முன்பு தோல் மண்டியாக இருந்ததல்லவா, பின்சுவரில் ஊற்றிய தண்ணீர் துடைப்பமே இல்லாமல் தெருச் சாக்கடைக்கு ஓடிவிட்டது. பழைய தோல் வியாபாரி கெட்டிக்காரர்தான். நான் பிஸ்மில்லா சொன்னேன், உன் அண்ணன் கற்பூரம் ஏற்றினான். முதல் தட்டு டிராம் வண்டியைப் போலத் தடதடவென்று வந்தது. அடுக்கின் முனையில் ஒரு தடுப்புக் கட்டை உண்டு. ஒவ்வொரு தடவையும் அதைப் போட்டு எடுப்பது பொன்னுரங்கத்தின் வேலை. வேறு யாரையும் அவன் தொடவிடுவதில்லை. சங்கரன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். யோசனை உன்னுடையது என்று சொன்னேன், ஆனால் அளவு என்னுடையது என்றும் சொன்னேன்.

உன் க்ஷேமத்துக்கு அடிக்கடி எழுது. ஆண்டவன் துணை.

உன் நலம் நாடும்
அப்துல் கய்யூம்


சிந்தாதிரிப்பேட்டை
4-2-1945

அன்புள்ள தம்பிக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யார் உயிருக்கும் ஒன்றுமில்லை. நிதானமாகப் படி.

பொங்கல் கழித்து ஒன்பதாம் நாள் உன் அண்ணனுக்குக் காலில் அடிபட்டுவிட்டது. முன்னால் நின்ற தட்டை அவன் எடுத்ததும் பின்னால் இருந்தது வந்து தடுப்புக் கட்டையில் மோதியது. கட்டை தெறித்துவிட்டது. தட்டு ஆறு பெட்டிகளோடு அவன் வலது பாதத்தில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பாதத்து எலும்பு கூடிவிடும் என்கிறார்கள், ஆனால் இனி பாரம் தூக்க முடியாது. இப்போது என் எதிரே சாக்கில் உட்காராமல் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். இந்தக் கடிதத்துக்காகவே முனியம்மாள் அவனைக் கைவண்டியில் வைத்துக் கூட்டிவந்தாள்.

எப்படி நடந்தது என்று எழுதித் தரும்படி சங்கரன் அன்றைக்கே கேட்டார். தடுப்புக் கட்டை சரியாகப் போடப்படவில்லை என்று எழுதி, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு கைநாட்டு வைத்தான். அதைப் பார்த்த முதலாளி, கவனமில்லாதவனுக்கு இந்தக் கோடவுனில் எந்த வேலையும் கிடையாது என்று சொல்லிவிட்டார். பதினோரு வருஷம் வேலை பார்த்த இடம்.

இனி அவன் சொல்வது. ஒரு வார்த்தையும் திருத்தக்கூடாது என்று சொல்லிவிட்டான்.

"நைனா, பட்டாளத்துல கீற நீ இதுக்கோசரம் மனசு ஒடைஞ்சி பூடாதே. தப்பு என்னுதுதான். கட்டய ஒழுங்காப் போட்டேன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன், ஆனா பாய் பார்த்துச் சொன்னாரு, போடலேன்னு. அவரு சொன்னா சரியாத்தான் கீயும். பாய் மேல ஒண்ணியும் இல்ல. அவருதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடனாரு."

எழுதிவிட்டேன். என்னிடம் வேறு சேதி இல்லை.

அப்துல் கய்யூம்


சிந்தாதிரிப்பேட்டை
18-3-1945

அன்புள்ள தம்பி தணிகாசலத்துக்கு,

இந்தக் கடிதத்தை நான் தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அண்ணன் எதிரில் இல்லை.

அடிபட்ட நான்காம் நாள், தெருப்பக்கத்துச் சாக்கடை மூடியைப் பூச வடிவேலு என்ற கொத்தனார் வந்தார். வேலையை ஆரம்பிக்குமுன் கோடவுன் தரையைக் கழுவிவிடச் சொன்னார். பின்சுவரில் தண்ணீரை ஊற்றினார்கள். அது வழக்கம்போல வாசலைப் பார்த்து ஓடியது. பத்துத் தடவை பார்த்த தண்ணீர்தான். அன்றைக்குத்தான் அது ஏன் அப்படி ஓடுகிறது என்று யோசித்தேன். எல்லாரும் சாப்பிடப் போன பிறகு கொத்தனார் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வாங்கித் தரையில் வைத்துப் பார்த்தேன்.

தோலைக் கழுவுவதற்காகக் கட்டிய தரை அது. இருபது அடிக்கு எட்டு அங்குலம் வாசல் பக்கம் சரிந்திருக்கிறது. நான் பின் காலையும் தரையிலிருந்து அளந்தேன், முன் காலையும் தரையிலிருந்து அளந்தேன். தரையை அளக்கவில்லை. நீ சொன்ன பத்து அங்குலத்துக்குப் பதினெட்டு அங்குலம் இறக்கம் வைத்துக் கட்டியிருக்கிறேன். அந்த வேகத்தில் வருகிற தட்டை எந்தக் கட்டையும் நிறுத்தாது. உன் அண்ணன் கட்டையைச் சரியாகத்தான் போட்டிருந்தான்.

தேதிகளைப் பார்த்தால் உனக்கே புரிந்துவிடும், இருந்தாலும் எழுதுகிறேன். போன கடிதத்தை எழுதும்போதே இதெல்லாம் எனக்குத் தெரியும். தப்பு என்னுது என்று அவன் சொல்லச் சொல்ல, தெரிந்துகொண்டே என் கையால் எழுதினேன். பதினோரு வருஷமாக அவனுக்கு வந்த கடிதத்தை எல்லாம் படித்தவனும் நான், அவனுக்காக எழுதியவனும் நான். அதனால் நான் எழுதியது பொய்யாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கட்டையைப் போட்டது அவன் கைக்குத் தெரியும். கையை விட்டுவிட்டு என்னை நம்பினான்.

இதோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எனக்கும் வீடு இருக்கிறது, மனைவி நஸ்ருன்னிசா இருக்கிறாள், முதலாளி முகம் இருக்கிறது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போன வாரம் உன் அண்ணன் கம்பு ஊன்றிக்கொண்டு கோடவுன் வாசலுக்கு வந்தான். வேலை கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்து உள்ளேயே இருந்துவிட்டேன். அவன் வந்தது அதற்கு இல்லை. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு, கட்டையை எப்படிப் போட வேண்டும், போட்ட பிறகு எப்படி ஒரு தட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். தான் அசந்துவிட்டதாகவும் அவர்கள் அசரக்கூடாது என்றும் சொன்னான். அந்த இரண்டு பேரும் அவன் பாதத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வெட்கமாக இருந்தது, தம்பி. இந்த வயதில் இவ்வளவு வெட்கம் ஒருவனுக்கு வரும் என்று எனக்குத் தெரியாது.

அன்றே சங்கரனிடம் போய், முன்பு எழுதிக்கொடுத்தது தப்பு என்று சொல்லி, ரசமட்டத்தில் பார்த்த அளவை எழுதிக்கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். மறுநாள் முதலாளியிடம் காட்டினார். பின் கால்களில் எட்டு அங்குலம் அறுத்துவிடும்படி எனக்கு உத்தரவு வந்தது. பொன்னுரங்கத்தை முதல் தேதியிலிருந்து வாசலில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு எடுத்துக்கொள்ளவும் உத்தரவு. என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவனுக்குக் கவனமில்லை என்று எல்லார் எதிரிலும் சொன்ன முதலாளி, என் விஷயத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். இப்போது தட்டு மெதுவாக வந்து கட்டையைத் தொட்டு நிற்கிறது. முட்டை வைத்தாலும் உடையாது.

வாசலில் இடம் கிடைத்த சேதியை உன் அண்ணனிடம் சொல்ல நான்தான் போனேன். மற்றதையும் சொல்லத்தான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் முனியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் முதலாளியிடம் வாதாடி வாங்கித் தந்ததாக அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். உன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. என்னை உட்காரவைத்து நெத்திலிக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார்கள். மற்றதைச் சொல்லாமலே சாப்பிட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை அவன் வீட்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன்.

சிந்தாதிரிப்பேட்டையில் நான்கு வீடு தள்ளி இருப்பவனிடம் சொல்ல முடியாததை, எங்கேயோ பெயர் தெரியாத ஊரில் இருக்கும் உனக்கு எழுதுகிறேன். கோழைத்தனம் என்பாய். ஆமாம், கோழைத்தனம்தான்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் பதில் வழக்கம்போல கோடவுன் விலாசத்துக்கு வரும். தபால்காரர் கொடுத்ததும் உன் அண்ணன் அதை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்காருவான். அவன் கையிலிருந்து வாங்கிப் பிரித்துப் படிக்க வேண்டியவன் நான்தான். நான் இங்கே எழுதியதை எல்லாம் அந்தக் கடிதத்தில் நீ எழுது. தரையின் எட்டு அங்குலத்தை எழுது, கட்டையை அவன் சரியாகப் போட்டான் என்று எழுது, தெரிந்தே நான் மறைத்தேன் என்று எழுது. உனக்கு எவ்வளவு கோபமோ அவ்வளவையும், எந்த வார்த்தை வருமோ அந்த வார்த்தையிலேயே எழுது.

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிறுத்தாமல் அவனுக்குப் படிப்பேன். இந்தத் தடவை எதையும் திருத்த மாட்டேன்.

ஆண்டவன் உன்னைக் கைகால் சுகத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும். சீக்கிரம் எழுது, தம்பி.

அப்துல் கய்யூம்