எந்தத் தேர்வுக்குப் பணம் கட்டினேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

போன வாரம் அலுவலகக் கணினிகளுக்குள் புகுந்த திருடனை நான்தான் பிடித்தேன். பதவி உயர்வு கேட்டால் மேலாளர், "வேலை தெரியுதுப்பா, சான்றிதழ் எங்க?" என்கிறார். அவர் கேட்கும் தேர்வில் விடைக்கு டிக் அடித்தால் போதும். நான் எழுத நினைத்த தேர்வில் பூட்டிய கணினிக்குள் திருடன் மாதிரியே புகுந்து காட்ட வேண்டும். அதன் பெயரே அவருக்குத் தெரியாது. டிக் அடிக்கும் கூத்துக்கே பணம் கட்டித் தொலைத்தேன். இன்னொன்றுக்காக அம்மா வளையலை அடகு வைக்க வேண்டாம்.

தேர்வுக்கான பயிற்சிக் கேள்விகளை விடைகளோடு அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் எனக்கு வாசியுங்கள், நான் விடை சொல்கிறேன். உங்களுக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை, நான் தப்பாகச் சொன்னால் திட்டுங்கள். இங்கே உரிமையோடு திட்ட ஆளில்லை.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்