படத்தில் அந்த சுவிட்ச் ஆஃப்

மார்ச் 3, திங்கள்

சப்ஸ்டேஷனில் நான் அசிஸ்டன்ட் இன்ஜினியர், விமல் லைன்மேன். ஆபீஸில் ‘மேடம்’ என்று பவ்யமாக நிற்பான். வூட்டுக்கு வந்தால் ‘சுபா, டீ போடு’. கல்யாணமாகி ரெண்டு மாசம்கூட முழுசா ஆகல, அதுக்குள்ள அதிகாரத்தைப் பாரு! போட்டுக் கொடுக்கிறேன். அவன் ஊதி ஊதிக் குடிக்கிறது எனக்குப் பிடிக்கும்.

நாத்தனார் துர்கா வந்திருந்தாள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் செராமிக் பொம்மைக்கு வர்ணம் பூசுகிறாள். “சனிக்கிழமை எங்களுக்கு ஷட்டவுன்னு சொன்னீங்களே அண்ணி, ஃபேன் நிக்கவே இல்லியே” என்றாள். ஜெனரேட்டராக இருக்கும் என்றேன். அது ரிப்பேராம்.

மார்ச் 4, செவ்வாய்

மண்டைக்குள்ள அதே ஓடுது. சனிக்கிழமை எஸ்டேட்டுக்குப் போற லைனை, அதான் எஸ்டேட் பீடரை, இங்கே நிறுத்தி, சப்ஸ்டேஷனுக்குள் மட்டும்தான் வேலை பார்த்தோம். யாரும் கம்பம் ஏறவில்லை. அங்கே எப்படி கரண்ட்?

ரீடிங் பார்த்தேன். அந்த நேரம் டவுன் பீடரில் லோடு ஏறியிருக்கு.

துர்கா கொடுத்த கீறல் விழுந்த கப்புகளைக் கம்பங்களா தரையில் பரப்பி, கம்பிக்கு நூல் இழுத்துப் பார்த்தேன். ரெண்டு பீடரும் சேர்ற இடம் ஒண்ணே ஒண்ணு, எஸ்டேட் சுவருக்குப் பின்னால் இருக்கிற சுவிட்ச். ஆபீஸ் லைன் படத்தில் அது ஆஃப். நிஜத்தில் ‘ஆன்’ல இருந்தால்தான் அந்த ஃபேன் சுத்தும்.

வியாழக்கிழமை அந்த லைனில் ஏறப்போறது விமல். நான் இங்க நிறுத்தினாலும் டவுன் பக்கமா கரண்ட் வந்துகிட்டே இருக்கும் — ஐயோ.

மார்ச் 5, புதன்

விஷயத்தைச் சொன்னதும் மேலதிகாரி சிரித்தார். “புருஷன் ஏறுறாருன்னு பயமாம்மா?”

ஆமா, பயந்தான். அதனால கணக்கு தப்பாயிடுமா? வண்டியை எடுத்துக்கிட்டு நானே போனேன். கம்பம் முழுக்கக் கொடி. விலக்கி அண்ணாந்து பார்த்தேன். ஆன்.

ராத்திரி விமல்கிட்ட சொன்னதும் சோத்துல வெச்ச கையை எடுக்கல. மார்கழி மழையில் எஸ்டேட் பீடர் போனப்போ, சூளை ப்ளோயர் நின்னா பொம்மையெல்லாம் வீணாயிடும்னு துர்கா போனில் அழுதாளாம். டவுன் கரண்டாவது வரட்டும்னு இவன்தான் அந்த சுவிட்சைப் போட்டிருக்கான். “மழை விட்டதும் எடுத்துடலாம்னுதான் இருந்தேன் சுபா. அப்புறம் வேப்பூர், நல்லூர்னு பத்திரிகை வைக்க அலைஞ்சேனா...”

எங்க கல்யாணப் பத்திரிகை!

எருமை, எருமைன்னு கத்தினேன். அப்புறம் அழுதேன். துடைச்சு விட்டான், குழம்புக் கையோட.

மார்ச் 6, வியாழன்

சுவிட்சை ஆஃப் பண்ணிப் பூட்டியாச்சு. இங்கே பீடரை நிறுத்திவிட்டு துர்காவுக்கு போன் போட்டேன்.

“ஃபேன் நின்னுடுச்சா?”

“நின்னுடுச்சு அண்ணி, வேர்த்துக் கொட்டுது.”

அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. அதுக்கப்புறம்தான் அவனை ஏறச் சொன்னேன்.

வேலை முடிந்து ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் இருந்தது, எல்லாருக்கும் கேட்டது.

“இறங்கிட்டேன் சுபா.”

மேலதிகாரிகூட சிரிக்கல.