அடி தேயாத ஷூ

அன்புள்ள அக்கா,

உங்கள் வாக்கிங் ஷூ இப்போது என் வீட்டு வாசலில் இருக்கிறது. போன வாரம் உங்கள் வீட்டுக்காரர் கூப்பிட்டுக் கொடுத்தார். நீங்கள் போன பிறகு துணிமணிகளையெல்லாம் மகள் வந்து பிரித்துக் கொடுத்துவிட்டாளாம், இதை மட்டும் எனக்கென்று எடுத்து வைத்திருந்தார். "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே சைஸுன்னு சொல்லிட்டே இருப்பாம்மா. நீங்களே போட்டு நடங்க" என்றார். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் கொஞ்சம்கூடத் தேயவில்லை. ரப்பர் வாடைகூட இன்னும் போகவில்லை. நாம் இருவரும் நடந்த லட்சணம் அப்படி.

அமெரிக்காவில் இந்த எடிசன் ஊரில் நம்மைப் பார்த்தவர்களெல்லாம் என்ன நினைத்திருப்பார்கள்! பிள்ளைகளை ஸ்கூல் பஸ் ஏற்றிவிட்டு நான் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புவேன். தெருமுனையில் உங்கள் கார் நிற்கும். நேரே மளிகைக் கடை பார்க்கிங் லாட். கடை திறக்கப் பத்து மணி ஆகும் என்பதால் காக்காய் குருவி இருக்காது. நீங்கள் ஃப்ளாஸ்க்கைத் திறந்து சுக்குக் காபி ஊற்றுவீர்கள். நான் என் போனை டேஷ்போர்டில் சாய்த்து வைப்பேன். அங்கே இங்கிலாந்தில் மதியம், முதல் ரேஸுக்குக் குதிரைகள் வந்துகொண்டிருக்கும்.

எத்தனையோ மைதானங்கள் இருக்க, நமக்கு அந்த ஒன்றுதான் பிடித்தது. கடற்கரைக் குன்றின்மேல் இருக்கும் மைதானம். மற்றதெல்லாம் சமதரையில் சுற்றி வரும். இது லாடம் போல வளைந்து, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பாமலே முடிந்துவிடும். முதலில் மேடு, பிறகு குதிரைக்கே தலை சுற்றும் இறக்கம், முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம். பின்னால் கடல் வெள்ளையாகப் பளபளக்கும். பெரிய இடங்களில் ஜெயித்துவிட்டு வந்த குதிரைகளெல்லாம் அந்த இறக்கத்தில் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழிக்கும். "சீமைக் குதிரையெல்லாம் இங்க வந்தாத் தெரியும் கண்ணு சேதி" என்று சிரிப்பீர்கள். சின்ன வயதில் ஊட்டி ரேஸ் பார்த்தவராயிற்றே நீங்கள். நான் கிண்டி ஸ்டேஷனில், ரேஸுக்குப் போகும் ஆண்கள் கூட்டம் இறங்குவதை ரயிலிலிருந்து பார்த்ததோடு சரி. பெண்களும் விளையாடலாம் என்பதே உங்களால்தான் தெரிந்தது.

பந்தயம் கட்டும் ஆப் உங்கள் பெயரில் இருந்தது. எனக்கு வீட்டில் ஜாயிண்ட் அக்கவுண்ட், பத்து டாலர் வெளியே போனாலும் என் வீட்டுக்காரர் போனில் மணி அடிக்கும். அதனால் நான் நோட்டை உங்கள் கையில் கொடுப்பேன், நீங்கள் உங்கள் போனில் தட்டிவிட்டு, "போட்டாச்சு கண்ணு" என்பீர்கள். ஜெயித்தால் அடுத்த முறை காசு தவறாமல் வந்துவிடும். தோற்றால், "போகட்டும் உடு, உனக்குக் குதிரை பாக்கற கண்ணு இருக்குது, இன்னைக்குக் குதிரைக்குத்தான் மனசு சரியில்ல" என்பீர்கள். என் கண்ணை இந்த ஊரில் வேறு யாரும் மெச்சியதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் தோற்றுக்கொண்டிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

சாம்பல் நிறப் பெண் குதிரை ஒன்று, ஞாபகம் இருக்கிறதா? யாரும் சீந்தாத குதிரை. போன கோடையில் வீட்டுக்குத் தெரியாமல் சேர்த்த காசு முழுவதையும் அதன்மேல் வைத்தேன். ஜெயித்தால் நாம் இருவரும் விமானம் ஏறி, அந்தக் குன்றின்மேல் நின்று, கடலையும் குதிரையையும் நேரில் பார்ப்பதாகப் பேச்சு. "நெசமாத்தான் சொல்றியா?" என்று இரண்டு தடவை கேட்டீர்கள். அப்புறம் ரொம்ப நேரம் போனைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "போட்டாச்சு" என்றீர்கள். இறக்கத்தில் அது எல்லோரையும் தாண்டி வந்தது. ஏற்றத்தில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏறு சாமி, ஏறு! ஏறிரு சாமி!" என்று கத்தினீர்கள். முடிவுக்கோட்டில் இன்னொரு குதிரை தலையை நீட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டது. நீங்கள் என்னைக் கட்டிப் பிடித்து அழுதீர்கள். உங்கள் உடம்பு நடுங்கியது. எனக்காக இப்படி அழ ஓர் ஆள் இருக்கிறாரே என்று, தோற்ற துக்கத்தையும் மீறிச் சந்தோஷப்பட்டேன்.

ஷூவைக் கொடுத்த அன்று உங்கள் வீட்டுக்காரர் வாசல்வரை வந்தார். "உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லணும்மா" என்றார்.

"எதுக்குண்ணா?"

"ஃபோன்ல குதிரை ரேஸ் ஆடிட்டிருந்தா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ரெண்டு வருசம் முன்னாடி சண்டை போட்டு, என் கண்ணு முன்னாலயே அக்கவுண்ட்டை க்ளோஸ் பண்ண வெச்சேன். உங்ககூட வாக்கிங் போக ஆரம்பிச்சாளோ, அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகலை."

நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது? இரண்டு வருடம். நாம் நடக்கக் கிளம்பியதே அதற்குப் பிறகுதான். அப்படியென்றால் சாம்பல் குதிரையின்மேல் என் காசு ஓடவே இல்லை. அதற்கு முன்னால் ஓடிய எதன்மேலும் ஓடவில்லை. தோற்றால் உங்கள் பையில், ஜெயித்தால் உங்கள் பையிலிருந்து. ஒவ்வொரு ரேஸிலும் எனக்கு எதிராகப் பந்தயம் கட்டியிருந்த ஒரே ஆள், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எனக்குச் சுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். அன்று உங்கள் உடம்பு நடுங்கியது எதற்கு, அக்கா? தப்பித்தோம் என்றுதானே?

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கோபித்துக்கொண்டா போயிருப்பேன்? சும்மா உட்கார்ந்து பார்த்திருப்போமே. அதற்கும் வந்திருப்பேனே. காசு போனதற்கு நான் அழவில்லை. என் குதிரை தோற்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டே அதற்காகக் கத்தினீர்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? அண்ணாவிடம் சொன்னால், அவரிடம் மிஞ்சியிருக்கும் உங்களையும் பறித்த மாதிரி ஆகும். நல்ல இடம் பார்த்து மாட்டிவிட்டுப் போனீர்கள்.

நேற்று அந்த மைதானத்தில் இந்த வருடத்தின் முதல் ரேஸ். என் பெயரிலேயே ஆப் வாங்கிவிட்டேன், என் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். அதே பார்க்கிங் லாட், என் கார், காலில் உங்கள் ஷூ. முதல் முறையாக என் காசு நிஜமாகவே ஓடியது. நான் கட்டிய குதிரை இறக்கத்தில் பின்தங்கிவிட்டது. ஏற்றம் வந்ததும் ஒவ்வொன்றாகத் தாண்ட ஆரம்பித்தது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் தெரியுமா? "ஏறு சாமி, ஏறு! ஏறிரு சாமி!"

நான் மயிலாப்பூரில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் யாரும் எதையும் அப்படிச் சாமி என்று கூப்பிட்டதில்லை. குதிரை ஜெயித்துவிட்டது. நான் காலி சீட்டைப் பார்த்து உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீங்கள் பொய்யாகக் கத்தினீர்களோ, நிஜமாகத்தான் கத்தினீர்களோ, எனக்குத் தெரியாது. ஆனால் எனக்கு வேறு மாதிரி கத்தத் தெரியவில்லை, அக்கா.