மூன்றாவது பிரதி

மார்ச் 3, செவ்வாய்

இன்று என்னைக் கைகழுவிவிட்டார்கள். அதற்கு ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது மேதை கூப்பிட்டனுப்பினார். (ஊருக்கு அவர் பெரிய டைரக்டர். நேரில் நானும் ‘சார்’ என்றுதான் சொல்வேன். இந்த நோட்டுக்குள் மட்டும் மேதை.) “படம் முடிஞ்ச மாதிரிதானேம்மா. கலர், சவுண்டுன்னு உதிரி வேலைதான் பாக்கி. அதை மாப்பிள்ளை பாத்துக்குவாரு. நீயும் ரெண்டு வருஷமா ஓய்வே எடுக்கலியே” என்றார்.

மாப்பிள்ளை என்பது அவர் மகளைக் கட்டியவர். எடிட்டிங் கற்றுக்கொள்ளட்டும் என்று நான்கு மாதத்துக்கு முன் என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

தலையாட்டிக்கொண்டே மேசையைப் பார்த்தேன். போஸ்டரின் மாதிரி ஒன்று கிடந்தது. தலைகீழாகவே படித்தேன். ‘படத்தொகுப்பு’ என்ற இடத்தில் மாப்பிள்ளையின் பெயர். என் பெயரைத் தேடினேன். நன்றி சொல்லும் பொடி எழுத்துகளுக்குள், வேன் கொடுத்தவருக்கும் கேன்டீன்காரருக்கும் நடுவில் இருந்தது.

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களைப் பற்றிய படம். எழுபது மணி நேரப் பதிவை எடுத்துக்கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார்கள். அதில் எது படம், எது குப்பை என்று மேதைக்கே தெரியாது. அதைத் தொண்ணூற்றிரண்டு நிமிடமாக ஆக்கியது யார்? கேட்டேனா? கேட்கவில்லை. வாயைத் தைத்தா வைத்திருந்தார்கள்?

பிறகு ஒரு தாளை நீட்டினார். ‘படத்தின் பதிவுகள் எதுவும் என்னிடம் இல்லை, இருந்த பிரதியை அழித்துவிட்டேன்.’ என்னை நம்பவில்லையாம். பேனாவையும் அவரே கொடுத்தார். போட்டேன்.

மார்ச் 4, புதன்

அழிக்கவில்லை.

மூன்று பிரதி வைக்கவேண்டும் என்று அந்த ஆபீசில் பழக்கியதே நான். முதல் பிரதி மேசையில் இருக்கும் பெரிய டிரைவில். இரண்டாவது அலமாரிக்குள் இருக்கும் டிரைவில்; அது தினமும் சாயங்காலம் மேசை டிரைவைப் பார்த்துத் தன்னை அப்படியே மாற்றிக்கொள்ளும். மூன்றாவது என்னுடைய சொந்தப் போர்ட்டபிள் எஸ்எஸ்டி டிரைவ். பாதி சோப்புக்கட்டி அளவுதான், நான்கு டெராபைட். ஆபீசில் தீப்பிடித்தாலும் பிழைக்கவேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் கைப்பையில் சீப்புக்குப் பக்கத்தில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன்.

காலையில் அதை லேப்டாப்பில் செருகினேன். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன். நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்றேன்.

சைரன்காரர் அதில் இருக்கிறார். படத்தின் உயிரே அந்த மனிதர்தான். முப்பது வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். சைரன் கெட்டுப்போன ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாயாலேயே சைரன் ஊதிக்கொண்டு போனாராம். போன ஜூலையில் போய்ச்சேர்ந்துவிட்டார். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் பொய் சொல்லுமுன் இடது காதைத் தடவுவார் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடம் திரையில் அவரைத்தானே பார்த்தேன்.

டிரைவைத் துணி அலமாரியில், குளிர்காலச் சால்வைகளுக்கு அடியில் வைத்தேன்.

மார்ச் 6, வெள்ளி

வெள்ளிக்கிழமை. கைப்பை லேசாக இருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கவேண்டும். குளிக்கும்போது கேட்கிறேன். பாத்திரம் தேய்க்கும்போது கேட்கிறேன். அங்கே நின்றபோது மட்டும் தலையாட்டினேன்.

வீட்டில் இவர் கேலி செய்கிறார். லிஃப்ட் பழுதுபார்க்கிற மனுஷர், எதையும் பதற்றமில்லாமல்தான் பார்ப்பார். “அந்த ஆளை மனசுக்குள்ள எத்தனை தடவை கொன்னுட்டே?” என்றார்.

“இன்னிக்கு மட்டுமா, மொத்தமாவா?” என்றேன்.

மேதைக்கு ஏதாவது ஆகவேண்டும். உயிருக்கு ஒன்றும் வேண்டாம். மூக்குடைபடவேண்டும், அவ்வளவுதான். நாலு பேர் முன்னால்.

மார்ச் 13, வெள்ளி

மாப்பிள்ளையிடமிருந்து வாட்ஸாப். அப்படியே எழுதிவைக்கிறேன்.

“அக்கா, மேசை டிரைவ்ல இடமே இல்ல. ஒவ்வொரு கிளிப்பும் ரெண்டு ரெண்டா இருக்கு. ஒண்ணு சின்னது, ஒண்ணு ரொம்பப் பெருசு. பெருசை எடுத்துட்டுப் பாத்தேன், படம் நல்லாத்தான் ஓடுது. டூப்ளிகேட்தானே? அழிச்சிடலாமா?”

படித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

டூப்ளிகேட் அல்ல. பெரியதுதான் கேமராவிலிருந்து வந்த மூலம். சின்னது, கம்ப்யூட்டர் திணறாமல் வேலை செய்ய நான் செய்துவைத்த லேசான நகல். வெட்டுவதற்கு நகல் போதும், அதனால்தான் படம் ஓடுகிறது. தியேட்டருக்கு அனுப்பக் கடைசியில் மூலம் வேண்டும். அது இல்லாவிட்டால் திரையில் சிவப்புக் கட்டம்தான் வரும். இதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு தடவை. அப்போது போன் நோண்டிக்கொண்டிருந்தார்.

‘தொடாதே’ என்று ஒரு வார்த்தை டைப் செய்தால் போதும்.

செய்யவில்லை. நான் படித்துவிட்டேன் என்று அவருக்கு நீல டிக் காட்டியிருக்கும். காட்டட்டும். ‘படத்தொகுப்பு’ அவர்தானே?

மார்ச் 14, சனி

அழித்திருப்பாரா?

அலமாரி டிரைவைப் பற்றி நினைத்தேன். மேசையில் அழித்தால் சாயங்காலம் அதிலும் அழிந்துபோகும். அப்புறம் உலகத்திலேயே ஒன்றுதான் மிச்சம். சால்வைகளுக்கு அடியில்.

இன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் இறங்கியது.

மார்ச் 24, செவ்வாய்

அழித்திருக்கிறார்!

காலை பத்து மணிக்குப் போன். ஆண்பிள்ளை இப்படி அழுது நான் கேட்டதில்லை. “அக்கா, எல்லாம் சிவப்பா வருது. படம் முழுக்கச் சிவப்பா வருது. அலமாரி டிரைவ்லயும் இல்ல. நாலாந்தேதி திரையிடணும். மாமா என்னைக் கொன்னுடுவாருக்கா.”

கேமரா கார்டுகள் என்ன ஆயின என்று ஒப்புக்குக் கேட்டேன். அடுத்த படத்துக்குத் துடைத்துவிட்டார்களாம். அது எனக்குத் தெரிந்ததுதான்.

“உங்ககிட்ட அந்தச் சின்ன டிரைவ் இருந்துதே...”

“சார்கிட்ட பேசுங்க தம்பி” என்றேன். குரல் அவ்வளவு இனிமையாக வந்தது. எனக்கே பயமாக இருந்தது.

மார்ச் 25, புதன்

மேதையே கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுக்கலாமா? ஐந்தாவதில் எடுத்தேன்.

“எப்படிம்மா இருக்கே?” மூன்று வாரமாக இல்லாத அக்கறை.

“ஓய்வு எடுத்துட்டு இருக்கேன் சார்.”

கொஞ்ச நேரம் சுற்றிவளைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். “உன்கிட்ட பிரதி இருக்கும், உன்னை எனக்குத் தெரியாதா, நீ எல்லாத்தையும் பத்திரமா வைக்கிறவ” என்றார்.

“நீங்கதானே சார் எழுதி வாங்கினீங்க, அழிச்சிட்டேன்னு? உங்க பீரோல இருக்கும், எடுத்துப் பாருங்க.”

மறுபக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அதை ரெக்கார்ட் செய்திருக்கலாம். நான் அங்கே வேலை பார்த்த ஆறு வருடத்தில் அந்த ஆள் வாயை அடைத்து யாரும் பார்த்ததில்லை. நான் அடைத்தேன்.

போனை வைத்துவிட்டு அவர் நம்பரைப் பிளாக் செய்தேன். இவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். “சரி” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் துடைக்கப் போய்விட்டார். செருப்புத் துடைக்கிற நேரமா அது?

மார்ச் 26, வியாழன்

ஆபீஸ் நம்பரிலிருந்து பதினொரு மிஸ்டு கால். ஒவ்வொன்றாக எண்ணிப்பார்த்தேன்.

மார்ச் 28, சனி

சைரன்காரரின் மனைவி கூப்பிட்டார். அவர் இறந்தபோது நான் போனில் துக்கம் விசாரித்ததிலிருந்து பழக்கம். மேதை அன்று ஒரு செய்திகூட அனுப்பவில்லை. அந்த அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை, எப்போது பேசினாலும் பின்னால் மிஷின் ஓடும்.

“நாலாந்தேதிக்கு லீவு சொல்லிட்டேன்மா. பொண்ணும் வர்றா. அவர் கூட வண்டி ஓட்டினவங்க ஆறு பேரு யூனிஃபார்மோட வர்றாங்களாம். எங்களை உள்ள விடுவாங்கதானே?”

விடுவாங்கக்கா என்றேன். வேறு என்ன சொல்வது?

“ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்காதே. நீங்க வேண்டாம்னு வெட்டினதெல்லாம் இருக்குமா? அவர் சும்மா உக்காந்திருக்கிறது, தண்ணி குடிக்கிறது... எங்ககிட்ட அவர் பேசற வீடியோ ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதுல கேஸ்காரன்கிட்ட சண்டை போடறாரு.”

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

டிரைவை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை. கட்டிலின் ஒரு பக்கத்துத் தலையணைக்கு உறை மாற்றாமல் வைத்திருந்தார் அக்கா. மகளின் லேப்டாப்பில் செருகினேன். அவருடைய பதிவுகள் மட்டுமே பதினெட்டு மணி நேரம்.

முதல் கிளிப்பில் சைரன்காரர் மைக் மாட்டத் தெரியாமல் தடுமாறுகிறார். “இது எங்கே போகும், சட்டைக்குள்ளயா?” அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்ததில், தான் சிகரெட்டை விட்டுப் பத்து வருடம் ஆகிறது என்கிறார், இடது காதைத் தடவிக்கொண்டே. “பொய்யி! பொய்யி!” என்று அக்கா திரையைப் பார்த்துக் கத்தினார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

நடுவில் அக்கா என் பக்கம் திரும்பி, “சின்ன ஸ்கிரீன்லயே இப்படின்னா, தியேட்டர்ல எவ்வளவு பெருசா இருப்பாரு?” என்றார்.

அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். போஸ்டர், கையெழுத்து, மாப்பிள்ளை கேட்டது, நான் பதில் போடாதது, மேதையிடம் சொன்ன பொய். சொல்லும்போது என் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் சொன்னேன். கோபமாகத்தான் சொன்னேன்.

அக்கா முழுக்கக் கேட்டார். பிறகு வீடியோவை நிறுத்தினார்.

“உனக்கு அவங்க பண்ணது அநியாயம்மா. நீ எவ்வளவு திட்டினாலும் தகும். ஆனா இவரு உனக்கு என்ன பண்ணாரு?” என்று திரையில் இருந்தவரைக் காட்டிக் கேட்டார்.

டிரைவின் வயரைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“வேணாம்னா வேணாம். நான் அந்த ஆறு பேருக்கும் வரவேணாம்னு சொல்லிடறேன்” என்று எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். திட்டியிருந்தால் தேவலை. தண்ணி கொண்டுவந்து குடுக்கறாங்க! நான் என்ன பண்ணிட்டு இருக்கேன்? மேதையைக் குத்துறேன்னு யாரைக் குத்திட்டு இருக்கேன்?

அவருடைய பதிவுகள் அத்தனையையும் மகளின் லேப்டாப்பில் ஏற்றிக்கொடுத்துவிட்டு வந்தேன். அதற்காகத் தன் பழைய சினிமாக்களை எல்லாம் அழித்து இடம் செய்தாள் அந்தப் பெண்.

மார்ச் 30, திங்கள்

ஆபீசுக்குப் போனேன். நடந்ததை அழகுபடுத்தாமல் எழுதுகிறேன்.

நான் நல்லவளாகிப் போகவில்லை. வழியெல்லாம் திட்டிக்கொண்டுதான் போனேன். மேதை எழுந்து நின்றார், ஆறு வருடத்தில் முதல் தடவை. டிரைவை மேசைமேல் வைத்தேன். கை நீட்டினார். “சார், கையை எடுங்க. காப்பி நான்தான் பண்ணுவேன்” என்றேன்.

என் பழைய நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் காப்பி செய்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லவில்லை. அவர் கேட்ட செய்திக்கு நான் பதில் போடாததை அவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, “நீங்க பாத்தீங்கதானேக்கா?” என்றார். “பாத்தேன்” என்றேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் என் தலை குனிந்தது. மூலங்கள் ஒவ்வொன்றாகப் போய்த் தம் இடத்தில் பொருந்தின. சிவப்புக் கட்டங்கள் மறைந்தன.

கிளம்பும்போது மேதை பின்னாலேயே லிஃப்ட் வரைக்கும் வந்தார். “உன் பேரைப் போட்டுடறேன்மா. எடிட்டிங்னு தனியா, பெருசா. நான் வாக்குத் தர்றேன்.”

அவர் வாக்கு எனக்குத் தெரியாதா? “உங்க இஷ்டம் சார்” என்றேன். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. உள்ளே யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு காலால் ஒரு உதை விட்டேன். சாயங்காலம் இவரிடம் சொன்னபோது லிஃப்டுக்காகத்தான் வருத்தப்பட்டார்.

ஏப்ரல் 2, வியாழன்

என் பெயரைப் போடுவாரா, மாட்டாரா? போடாவிட்டால் அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று கேட்கப்போகிறேன். நாலு வரி எழுதி மனப்பாடம் செய்திருக்கிறேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நேற்று மதியக் காட்சி. மூன்றாவது வரிசையில் அக்கா, மகள், நான், இவர். பின்னால் ஆறு யூனிஃபார்ம்கள்.

சைரன்காரர் வாயால் சைரன் ஊதிக் காட்டும் இடத்தில் தியேட்டரே சிரித்தது. அக்கா பெருமையாகத் திரும்பித் திரும்பி எல்லோர் முகத்தையும் பார்த்தார். கடைசிக் காட்சியில் சைரன்காரர் வண்டியைப் பூட்டிவிட்டு, கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப்பார்த்துவிட்டு நடந்துபோகிறார். அதைப் பத்து வினாடி நீட்டிவைத்தது நான். மேதை வெட்டச் சொன்னார், சண்டைபோட்டு வைத்தேன். திரையில் சைரன்காரரின் முதுகு சின்னதாகிக்கொண்டே போகும்போது அக்கா எழுந்துவிட்டார். காலில் செருப்பில்லாமல், இருட்டில் தட்டுத்தடுமாறிக் கதவைப் பார்த்துப் போனார். மகள் விசும்பிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதார். தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே கைதட்டல் கேட்டது. நீண்ட நேரம் கேட்டது. பெயர்கள் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

வெளியே வந்தபோது விளக்குப் போட்டுவிட்டார்கள். மேதை தூரத்தில் மாலையோடு நின்றிருந்தார். நாங்கள் வேறு வழியாகப் போனோம்.

மேதையின் நம்பரைப் பிளாக்கிலிருந்து எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன்.

இவர் கடைசிவரை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். காலையில் காப்பியை வைத்துவிட்டு எதிரில் நின்றார். “உன் பேர் வந்துதா இல்லியான்னு கேக்கவே மாட்டியா?”

கேட்கலாம் என்றுதான் இருக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.