பதினொன்றிலும் உன் கை

என் சுடிதாரிலிருந்து ஃப்ளெக்ஸ் மையின் நெடி இன்னும் போகவில்லை. காலையில் உன் தெருமுனையில் ஒரு போஸ்டர் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். டோல்கேட்டில் நீ வேலை பார்த்த ஃப்ளெக்ஸ் கடைக்குள் நுழைந்தாலே தலையைப் பிடிக்குமே, அதே நெடி. போஸ்டரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உன்மேல் இருக்கிற கோபத்தைச் சொல்லிவிட வேண்டும்.

நாலு நாளைக்கு முன்னால் காமிரா வாங்கினேன். நாம் இரண்டு வருடம் தேடின காமிரா. வீட்டுக்கு வந்ததும் என்னிடமே தங்கிவிட்ட உன் மெமரி கார்டைத்தான் அதில் போட்டேன். கடை கடையாகப் போய் நாம் சோதித்துப் பார்த்த படங்கள் அப்படியே இருந்தன. மொத்தம் பதினொரு படம். பதினொன்றிலும் உன் கை. முகம் ஒன்றில்கூட இல்லை. அழுகை வரும் என்று நினைத்துதான் கார்டைப் போட்டேன். வந்தது ஆத்திரம்.

நீ செத்தவர்களுக்கு போஸ்டர் செய்தவள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் செய்தாய்தான். ஆனால் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் யாராவது உன் கம்ப்யூட்டர் முன்னால் வந்து நிற்பார்கள். கையில் ரேஷன் கார்டோ ஆதாரோ இருக்கும். அதிலிருக்கும் தபால்தலை அளவு முகத்தை வெட்டியெடுத்துப் பத்தடிக்குப் பெரிதாக்குவாய். கழுத்துக்குக் கீழே ஒன்றும் இருக்காது. அதற்காகவே 'உடம்பு' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தாய். ஆண்களுக்குக் கோட்டு, வெள்ளைச் சட்டை என்று நாலைந்து உடம்பு உண்டு. பெண்களுக்கு ஒன்றே ஒன்று. அரக்குப் பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, யாரோ விளம்பரத்துக்கு நின்ற பெண்ணின் தோள். காசிமேட்டில் மீன் விற்றவளும் ஹார்பரில் கூட்டிப் பெருக்கியவளும் செத்த அன்றே அந்தப் புடவைக்குள் போய்விடுவார்கள். சொந்தக்காரர்களே பக்கத்தில் நின்று, "கொஞ்சம் கலரா ஆக்கு தங்கச்சி" என்பார்கள். நீயும் ஆக்குவாய்.

மீன் விற்ற குப்பம்மா செத்த அன்றைக்கு அவள் மகள் கடைக்கே வந்து உன்னைக் கேட்டாளே, நினைவிருக்கிறதா? "எங்கம்மா இந்த மாரி நகைய கண்ணால கூட பாத்தது இல்லக்கா. மூஞ்சியும் அத்தோடது மாரி இல்ல. இப்ப நாங்க யாருக்கு மாலை போட்டுகினு கீறோம்?" நீ கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நான் வேலை பார்க்கும் கண்டெய்னர் யார்டுக்கு வந்தாய். கேட் பாஸ் எழுதிக்கொண்டிருந்த என்னை வெளியே இழுத்து நிறுத்திச் சொன்னாய்.

"நம்ம ஜனங்க மூஞ்சி செத்தாதான் பெருசாவுது மே. அப்பவும் அது அவுங்க மூஞ்சி இல்ல. உசுரோட கீறப்பவே ஒழுங்கா ஒண்ணு எடுத்து வெச்சிடணும். நீ எடு, நான் அடிக்கிறேன்."

பள்ளிக்கூடத்திலிருந்து எனக்குப் படம் எடுக்கும் பைத்தியம் என்பது உனக்குத் தெரியும். ஃபோனில் எடுத்தால் முகத்துச் சுருக்கங்களையெல்லாம் தானாகவே வழித்துவிடுகிறது என்று உனக்குக் கடுப்பு. அதனால் காமிரா. அங்கே ஆரம்பித்தது நம் சண்டை. லென்ஸ் மாற்றுகிற பெரிய காமிராவும், முகத்துக்கென்றே இருக்கும் நீள லென்ஸும் வேண்டும் என்றேன் நான். நீ சிரித்தாய். "அத்த தூக்கிகினு மார்க்கெட்டுக்குப் போவியா நீ? ரெண்டு நாள் போவ. மூணாம் நாளு பீரோல வெச்சி பூட்டிடுவ. டிபன் பாக்ஸ் பக்கத்துல அடங்குறதா பாரு" என்றாய். சின்னதில் ஒரே லென்ஸ்தானே, முகம் எப்படி எடுப்பது என்று கேட்டேன். அதற்கும் உன்னிடம் பதில் இருந்தது. "கிட்டப் போனா மூக்கு பெருசாவும். நாலடி தள்ளி நின்னு ஆளோட எடு. மூஞ்சி வோணும்னா நான் வெட்டிக்கிறேன். வெட்டத்தான் மே அத்தினி மெகாபிக்சல்." ஆளோடு எடு என்று நீ சொன்னது எதற்கென்று எனக்குப் புரிந்தது. இனிமேல் யாருக்கும் உன் ஃபோல்டரிலிருந்து உடம்பு வேண்டியிருக்கக் கூடாது.

மவுண்ட் ரோடு கடையில் அந்த விற்பனையாளன் நம் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தானே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கிருந்து வருகிறீர்கள் என்றான். ராயபுரம் என்றோம். "இதெல்லாம் ப்ரொஃபஷனல்ஸ் வாங்குறது மேடம். உங்களுக்கு நல்ல ஃபோனே போதுமே" என்றான். நான் திரும்பிப் போகத் தயாராகிவிட்டேன். நீ கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிதானமாகக் கேட்டாய்: "இன்னா சார், ராயபுரத்துல நாங்க மூஞ்சி இல்லாமயா சுத்திகினு கீறோம்?" அவன் காமிராவை எடுத்து வைத்தான். கடைக்காரன் கார்டை நம்பாதே என்று உன் கார்டைப் போடச் சொன்னாய். நான் உன் முகத்துக்கு நேராகக் காமிராவைத் தூக்கினேன். நீ இடதுகையை நீட்டினாய். "மூஞ்சில இன்னா கீது, இத்த எடு. தோலு தெரியுதா பாரு."

அங்கே மட்டுமா? போன கடைகளிலெல்லாம் அதே கதை. என் ஃபோனிலும் அப்படித்தான். உன்னை எடுக்கப் போனால் கை குறுக்கே வந்துவிடும். கிறிஸ்துமஸ் படத்தில் கை, பீச்சில் எடுத்ததில் கை, உன் அண்ணன் கல்யாணத்தில் மேடையில் வைத்து எடுத்ததிலும் கை. "கலீஜா உழும், உடு. நல்ல காமிரா வரட்டும். அப்ப ஒண்ணே ஒண்ணு, சோக்கா எடு" என்பாய். வாங்கலாம் என்று நான் கிளம்பினால் நீ தடுப்பாய். அடுத்த மாதம் புதுசு வருகிறதாம், அதில் இன்னும் கூர்மையாம். அது வந்தது. அதற்கு அடுத்தது வரட்டும் என்றாய். ஊரில் இருக்கிறவர்கள் முகத்துக்கெல்லாம் கவலைப்பட்டவளுக்குத் தன் முகத்தைப் பற்றி மட்டும் அவசரமே இல்லை. என் புத்தியைச் சொல்ல வேண்டும். உன் கையைத் தட்டிவிட்டு ஒரு படம் எடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அதற்குள் எண்ணூர் ரோட்டில் பட்டப்பகலில் கண்டெய்னர் லாரி உன் ஸ்கூட்டிமேல் ஏறிப் போனது. உன் ஃபோனும் தூள். அந்த லாரி எங்கள் யார்டிலிருந்து வந்தது இல்லை, விசாரித்துவிட்டேன். ஆனாலும் ஒவ்வொரு கேட் பாஸ் எழுதும்போதும் டிரைவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கிறேன். சில பேர் பயந்துபோய், "இன்னாக்கா?" என்று கேட்கிறார்கள். ரோடு முழுக்க லாரிக்கு, ஓரம் மட்டும் நமக்கு என்று எவன் பங்கு பிரித்தான்? கேட்க ஆளில்லை. நான் கேட்டால் யார்டு சூப்பர்வைசர் என்னை வேலையைப் பார்க்கச் சொல்கிறார்.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே உன் போஸ்டர் வந்துவிட்டது. தெருவுக்குள் நுழைந்ததுமே பார்த்தேன். உன் ஆதார் முகம், சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, கண் இரண்டும் கட்டம் கட்டமாக உடைந்து. கழுத்துக்குக் கீழே அரக்குப் பட்டுப்புடவை. நீ தேடியெடுத்து, நீ வெட்டி, நீ பெயர் போட்டுச் சேமித்து வைத்த அதே உடம்பு. உன் முதலாளி பாசத்தில்தான் செய்திருக்கிறார், பணம்கூட வாங்கவில்லையாம். எனக்குக் கண் மண் தெரியவில்லை. பந்தல்காரனிடமிருந்து கத்தியைப் பிடுங்கிக் கயிற்றை அறுத்துவிட்டேன். உன் அண்ணன் ஓடிவந்து என் கையைப் பிடித்தான். "சாவு வூட்ல இன்னா மே பேஜாரு பண்ற? வேற போட்டோ இருந்தா குடு, மாத்திக்கலாம்!" என்று கத்தினான். என்னிடம் என்ன இருந்தது கொடுக்க? அந்தப் போஸ்டரை எடுத்து மறுபடி கட்டினார்கள். பதினாறாம் நாள் வரைக்கும் அது தொங்கியது. அந்தத் தெரு வழியாக நான் போகவில்லை.

இன்றோடு ஒரு வருடம். நினைவுநாள் போஸ்டருக்குப் பழைய ஃபைலையே அடித்துவிடலாம் என்றான் உன் அண்ணன். போன வாரம் அவன் அதைச் சொன்ன பிறகுதான் நான் போய்க் காமிரா வாங்கியது. நீ சொன்ன அந்தச் சின்னதுதான். கார்டில் இருந்த பதினொன்றில் கடைசிப் படத்தை எடுத்துக்கொண்டு உன் கடைக்கே போனேன். உன் முதலாளி திரையைப் பார்த்துவிட்டு, "மூஞ்சி இல்லாம எப்டிமா அடிக்கிறது?" என்றார். அடியுங்கள் என்றேன். பிறகு உன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரைக்குக் கிட்டப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஃப்ளெக்ஸ் வெட்டும்போது கத்தி இழுத்த தழும்பு, நகக்கண்ணில் கருப்பு மை, பாதி அழிந்த மருதாணி, ஒற்றைக் கண்ணாடி வளையல். "சரி, இத்தையே போடு" என்றான்.

காலையில் கட்டினோம். பத்தடிக்கு உன் உள்ளங்கை, மேலே உன் பெயர். ஒரு கோடுகூட உடையவில்லை. தெருவில் நாலு பேர் இது என்ன கூத்து என்று கேட்டார்கள். நான் முறைத்த முறைப்பில் நகர்ந்துவிட்டார்கள். மீன் கூடையோடு வந்த குப்பம்மாவின் மகள் மட்டும் நின்று, அண்ணாந்து பார்த்து, "இது அக்கா கைதான்" என்றாள். பிறகு என் பையைப் பார்த்தாள். "அந்த காமிராவா? என்னிய ஒண்ணு எடு. எங்கம்மாக்கு ஆன மாரி எனுக்கு ஆவக்கூடாது."

கூடையை இறக்கவில்லை. நைட்டிமேல் போட்ட துண்டைக்கூடச் சரிசெய்யவில்லை. செதில் ஒட்டிய கையோடு அப்படியே நின்றாள். நீ சொன்னபடி நாலடி தள்ளி நின்று, ஆளோடு எடுத்தேன். அவள் முகத்தை மறைக்கவில்லை. நேராக என்னைப் பார்த்தாள், ஒரு நொடிதான் ஆனது. உனக்கு மட்டும் என்னடி கேடு?