வாழ்த்துவோர் வரிசையில் ஓர் ஆடு

மே 14

ஆடு வரவில்லை.

காலை முழுக்க வரைந்தேன். ஒன்று பொம்மைக் கடை ஆடு. ஒன்று கிறிஸ்துமஸ் குடிலில் நிற்கும் ஆடு. கடைசியாக வந்தது நாய் என்று நினைக்கிறேன். நான் படம் போட வேண்டிய கதையில் ஆடு டிக்கெட் எடுத்து பஸ்ஸில் போகிறது, கண்டக்டரோடு சண்டை போடுகிறது. என் ஆடு யாரோடும் சண்டை போடாது. டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தால்கூட சொல்ல வெட்கப்பட்டு டிப்போ வரை போய்விடும். போன வாரம் நான் போனேனே, அப்படி.

மே 16

சென்னையிலிருந்து ஸ்ரீவித்யா மேடம் போன். குழந்தைகள் புத்தகம் போடுகிறவர். குரல் அவ்வளவு இனிமை, திட்டு வாங்குகிறோம் என்பதே கடைசியில்தான் தெரிகிறது. "ரொம்ப அழகா இருக்கு மீனு. ஆனா உள்ள ஆள் இல்ல." ஜூன் ஐந்துக்குள் சரியான ஆடு வரவில்லை என்றால் வேலை வேறு ஓவியருக்குப் போய்விடும்.

"சரி மேடம், தேங்க்ஸ் மேடம்" என்றேன்.

எதற்குத் தேங்க்ஸ்?

மே 17

எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. கறுப்பு அங்கி போட்ட போட்டோ ஹாலில், சாமி படங்களுக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கிறது. பி.காம். படித்துக் கணக்கு எழுதும் வேலைக்குப் போனவள், போன வருஷம் அதை விட்டுவிட்டுப் படம் வரைய உட்கார்ந்தேன். நான் 'ஃப்ரீலான்ஸ்' என்ற கம்பெனியில் இருப்பதாக அம்மா காலனியில் சொல்லி வைத்திருக்கிறாள். அங்கே ஆள் எடுக்கிறார்களா என்று இதுவரை ரெண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

பெரியம்மா மகன் முகுந்த் அண்ணன் ஹிஞ்சேவாடி ஐ.டி. பார்க்கில் தன் ஆபீசில் பில்லிங் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறான். ஜூன் எட்டாம் தேதி வந்து சேர வேண்டுமாம். கூட்டிப்போக கேப் வண்டி வீட்டு வாசலுக்கே வருமாம். அம்மாவுக்கு அந்த கேப் மேல்தான் ஆசை.

அப்பா இந்தப் பேச்சுக்கே வருவதில்லை. ஃபேக்டரியிலிருந்து வந்து, சைக்கிளைப் பூட்டி, செருப்பைக் கழற்றும்போது மட்டும் கேட்பார்: "ஆடு இன்னா சொல்லுது?"

மே 19

அப்பாவோடு வேலை செய்யும் ஜெபமணி மாமா இந்த மாதம் ரிட்டயர் ஆகிறார். காலனி கேட்டில் ஃப்ளெக்ஸ் வைக்கப் போகிறார்களாம். யார் டிசைன் செய்வது? வீட்டில் சும்மா இருப்பது யார்? "கம்ப்யூட்டர்ல ரெண்டு நிமிஷ வேலைதானே" என்றாள் அம்மா.

இந்த மராத்தி ஊரில் ஃப்ளெக்ஸ் இல்லாமல் எதுவும் நடந்ததாகக் கணக்கில்லை. பிறந்த நாள், பத்தாவது பாஸ், புது புல்லட், எல்லாவற்றுக்கும். நடுவில் விழா நாயகர் முகம். கீழே வட்ட வட்டமாக வாழ்த்துவோர் தலைகள். வாழ்த்துவோர் விழாவுக்கு வருவதே தன் தலை இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

மே 23

தலை அரசியல். காலனிச் சங்கத்துச் செயலாளர் அச்சுதன் அங்கிள் முதல் நாளே கோட்டு போட்ட போட்டோ அனுப்பிவிட்டார். பொருளாளர் ரவிசந்திரன் அங்கிள் இன்னும் அனுப்பவில்லை. கேட்டால் "அனுப்பறேன், அனுப்பறேன்" என்கிறார். கணபதி பந்தலை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்ற சண்டைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒருத்தர் தலை இருந்து இன்னொருத்தர் தலை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று அம்மா எனக்கு விளக்கினாள். பயமாக இருந்தது.

மே 26

ஆடு இல்லை. தலைகள் மட்டும்.

மே 27

கட்கி ஸ்டேஷன் பக்கம் பஸ்ஸில் ரவிசந்திரன் அங்கிளைப் பார்த்தேன். அவருடைய காலிஃபிளவர் மூட்டையைச் சீட்டுக்குக் கீழே தள்ளச் சொல்கிறார் கண்டக்டர். இவர் பதிலே சொல்லவில்லை. வெற்றிலைப் பான் மென்றுகொண்டு, தாடை ஒரு பக்கம் கோண, ஓரக்கண்ணால் ஒரு பார்வை. கண்டக்டர்தான் நகர்ந்து போனார்.

வீட்டுக்கு வந்தால் ஃப்ளெக்ஸில் அவர் வட்டம் காலியாக இருக்கிறது, கீழே மராத்தியில் பெயர் மட்டும். போட்டோ வரும்வரை இடம் பிடிக்க ஏதாவது வேண்டுமே என்று அங்கே ஓர் ஆட்டைக் கிறுக்கினேன். அதே தாடை, அதே ஓரக்கண். தனியாகச் சிரித்தேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மே 29

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் "பேஜோ, பேஜோ", அனுப்பு அனுப்பு என்று போனில் உயிரை எடுத்தார். அனுப்பிவிட்டேன். அப்பாடா.

மே 30

ஐயோ.

ஃபேக்டரி கேட்டிலிருந்து ஜீப், மாலை, டோல் மேளச் சத்தம். ஜெபமணி மாமா அழுதுகொண்டே கை ஆட்டுகிறார். காலனி கேட்டில் எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். இரண்டாவது வரிசையில், அச்சுதன் அங்கிளுக்குப் பக்கத்தில் ஆடு. கீழே ரவிசந்திரன் என்று பெயர்.

நான் அதை மாற்றவே இல்லை. மறந்தே போய்விட்டேன். எப்படி மறந்தேன்?

இதைவிட விசித்திரம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாமாவின் மனைவி ஆரோக்கியமேரி ஆன்ட்டி, வேலூரிலிருந்து வந்த உறவுக்காரர்களுக்கு ஒவ்வொரு தலையாகக் காட்டினார். ஆட்டிடம் வந்தார். "இவரு ரவி அண்ணன்" என்றார். அடுத்த தலைக்குப் போய்விட்டார்.

அப்பா மட்டும் ரொம்ப நேரம் அண்ணாந்து நின்றார். இன்று அவர் ஆட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

மே 31

அம்மாவிடம் சொன்னேன். இனிமே நான் யார் மூஞ்சில முழிப்பேன், எங்கயாவது போயிடறேம்மா என்று அழுதேன்.

"பாஜிக்குக் காய் நறுக்கி வெச்சிட்டுப் போ" என்றாள்.

ஜூன் 1

ரவிசந்திரன் அங்கிள் வந்துவிட்டார். அப்பா இன்னும் வரவில்லை. அம்மா சாய் போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள், துரோகி.

"உன் வேலையாம்மா அது?"

தலையாட்டினேன்.

"அது நான்தானே?"

இதற்கு என்ன செய்வது? பொய் சொல்ல வரவில்லை. அதற்கும் ஆட்டினேன். அவர் மென்றார். அதே ஓரக்கண்.

"ஆடு பரவால்லம்மா. கம்பீரமா கீது. போட்டோல நான் எப்பவும் பொணம் மாதிரி வருவேன், அதான் அனுப்பல. ஆனா அச்சுதன் தலை என்னுதவிட பெருசா கீதே, இன்னா கணக்கு அது?"

எல்லா வட்டமும் ஒரே அளவு என்றேன். நம்பவில்லை. போனில் எடுத்து வைத்திருந்த படத்தை விரலால் அளந்து காட்டினார். அவர் சொன்னது சரிதான். காது வட்டத்துக்குள் அடங்க வேண்டுமென்று ஆட்டின் முகத்தைச் சின்னதாக்கியிருந்தேன். அடுத்த ஃப்ளெக்ஸில் பார்த்துக்கொள்கிறேன் அங்கிள் என்றேன்.

எதற்கு ஆடு என்று கேட்டார். புத்தகத்தில் வரும் பஸ் கதையைச் சொன்னேன். வெளியாள் ஒருவரிடம் நான் இவ்வளவு பேசியதே இல்லை. சாயைக் குடித்து முடித்து எழுந்தார்.

"அந்தக் கண்டக்டரை விடாதே" என்றார்.

ஜூன் 2

கிறுக்கின ஆட்டை அப்படியே ஸ்ரீவித்யா மேடத்துக்கு அனுப்பினேன். மன்னிக்கவும், இது ரஃப், இன்னும் சரி செய்யணும் என்று நீளமாக எழுதி, அதை அழித்தேன். ஆடு மட்டும் போனது.

போனை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 4

மேடத்திடமிருந்து போன் வந்தது. ஹலோகூடச் சொல்லவில்லை. "யாரு மீனு இவரு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அடுத்து, பக்கங்களை எப்போது ஆரம்பிக்கிறாய் என்றார்.

ஜூன் 7

முகுந்த் அண்ணனிடம் நானே போனில் சொன்னேன், வரலை என்று. அம்மாவுக்கு கேப் போன வருத்தம்.

ஜூன் 21

மழை விடவில்லை. ஃப்ளெக்ஸை இறக்கி அப்பா சைக்கிளுக்கு மேல் கூரையாகக் கட்டியிருக்கிறார். ஜெபமணி மாமா முகம் மடிப்புக்குள் போய்விட்டது. ஆடு மட்டும் வெளியே, நனைந்துகொண்டு, யாரையும் மதிக்காமல்.

காலையில் ரவிசந்திரன் அங்கிள் பக்கங்களைப் பார்க்க வந்தார். அடிக்கடி வருகிறார். "ஆடு இவ்ளோ தூரம் நின்னுகினே போவுமா? சீட்டு குடும்மா. ஜன்னலாண்ட" என்றார். கொடுத்துவிட்டேன். படத்துக்கும் அதுதான் நன்றாக இருக்கிறது.

சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார், ஆடு இன்னா சொல்லுது என்று. ஆடு வந்தாச்சுப்பா, கண்டக்டர் மூஞ்சிதான் இன்னும் கிடைக்கல என்றேன்.

இதை எழுதும்போது யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அச்சுதன் அங்கிள். குடையை உதறிக்கொண்டு, கோட்டு போட்டு, வாசலில் நிற்கிறார். புத்தகத்தில் இடம் ஏதாவது இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்கிறார்.